பேட்டிக்குப் போகும் நம் பிள்ளைகள்

காலை லோக்கல் ரயிலில் அவனைப் பார்க்கலாம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சான்றிதழ்கள் வைத்த ஃபைலைக் கூட்டத்தில் கசங்கிவிடாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறான். உதடுகள் ஓசையில்லாமல் அசைகின்றன. இரவெல்லாம் மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியங்களை ஓட்டிப் பார்க்கிறான். தாராவியிலிருந்தோ, சயான் கோலிவாடாவிலிருந்தோ, செம்பூரிலிருந்தோ வேலைக்கான பேட்டிக்குப் புறப்பட்ட தமிழ்ப் பிள்ளை அவன்.

மாலையில் வாடிய முகத்தோடு திரும்புகிறான். "என்னப்பா கேட்டாங்க?" என்கிறாள் தாய். "எல்லாம் தெரிஞ்சதுதாம்மா. இங்கிலீஷ்ல சொல்ல வரல" என்கிறான் மகன். அதற்கு மேல் அந்த வீட்டில் அன்று பேச்சில்லை.

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இது புதிய காட்சி அல்ல. படிப்பு இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது, கணக்குத் தெரிகிறது, கம்ப்யூட்டர் தெரிகிறது. எழுத்துத் தேர்வு வைத்தால் தேறிவிடுகிறார்கள். மேஜைக்கு எதிரே மூன்று பேர் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்" என்பது பழமொழி. நம் பிள்ளைகள் விஷயத்தில் சட்டி நிறையவே இருக்கிறது. அகப்பைதான் இல்லை.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. இதே பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறான். ரயிலில் இந்தி பேசுகிறான். ரேஷன் கடையிலும் வார்டு ஆபீஸிலும் மராத்தியில் காரியம் முடித்து வருகிறான். மூன்று மொழிகளைத் தெருவிலேயே கற்றுக்கொண்டவனுக்கு நான்காவது மொழிக்கு மட்டும் மூளை இல்லை என்று யார் சொல்ல முடியும்? இந்தியையும் மராத்தியையும் அவன் பேசிப் பேசிக் கற்றான். தப்பாகப் பேசியபோது எதிரில் இருந்தவர் சிரித்தார், திருத்தினார், அவனும் தொடர்ந்து பேசினான். ஆங்கிலத்தையோ பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம் படித்தான், எழுதினான், பரீட்சையும் கொடுத்தான். ஆனால் பேசியதே இல்லை. அவனோடு ஆங்கிலம் பேச ஆள் இல்லை. முழுக் கோளாறும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

முந்தைய தலைமுறையை எண்ணிப் பார்க்க வேண்டும். பம்பாய் என்று இந்த நகரம் அழைக்கப்பட்ட நாளில், டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு தாதரில் வந்து இறங்கிய தமிழர்கள் எத்தனையோ பேர். மாதுங்காவில் ஓர் அறையில் நான்கைந்து பேராகத் தங்கி, கோட்டைப் பகுதி ஆபீஸ்களில் குமாஸ்தாக்களாகவும் ஸ்டெனோக்களாகவும் அமர்ந்தார்கள். துரை சொல்லச் சொல்ல எழுதியதால் அவர்கள் காதில் ஆங்கிலம் விழுந்துகொண்டே இருந்தது. கடிதம் அடித்து அடித்து விரலிலும் ஆங்கிலம் ஏறிவிட்டது. அவர்கள் பெரிய பண்டிதர்கள் அல்லர். அன்றாடம் புழங்கியதால் வந்த மொழி அது.

அதே நாளில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியின் தோல் பதனிடும் கொட்டகைகளிலும், ஆலைகளிலும், துறைமுகத்திலும் உழைத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் உடலுழைப்பால் குடும்பத்தை நிறுத்தினார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் தொடங்கி, மேல்வகுப்பில் பயிற்றுமொழி மாறித் தடுமாறி, எப்படியோ பட்டம் வரை வந்துவிட்ட பிள்ளைகள் இன்று ஏராளம். குடும்பத்தில் முதன்முதலாக ஃபைலைத் தூக்கிக்கொண்டு பேட்டிக்குப் போகிறவர்கள் அவர்கள்தாம். "பேட்டி எப்படி இருக்கும்?" என்று கேட்க வீட்டில் ஆள் கிடையாது.

ஆங்கிலம் வேண்டும் என்று இந்த நாட்டில் வாதாடியவர்களில் தமிழர்கள் முன்னணியில் நின்றவர்கள். 1965 ஜனவரி 26-க்குப் பிறகு மத்திய அரசின் காரியங்களில் ஆங்கிலத்தின் இடம் என்ன என்ற கேள்வி எழுந்தபோது தமிழ்நாடு கொந்தளித்தது. 1963-ல் நிறைவேறிய ஆட்சிமொழிச் சட்டம் 1967-ல் திருத்தப்பட்டு, ஆங்கிலம் நீடிப்பதற்கு உறுதி கிடைத்தது. 1968 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமும் போதும் என்ற இருமொழிக் கொள்கையை ஏற்றது. வெளிமாநில வேலைவாய்ப்புக்கு ஆங்கிலமே கதவு என்பது அன்று சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கதவு திறந்துதான் இருக்கிறது. வாசற்படியில் நம் பிள்ளை தயங்கி நிற்கிறான். இது அனைவரும் யோசிக்க வேண்டிய விஷயம்.

முதலில், எந்த வேலைக்குப் பேட்டி உண்டு, எதற்கு இல்லை என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2016 ஜனவரி 1 முதல், மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளுக்கும், கெஜட்டட் அல்லாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் நேர்முகத் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. ரயில்வே தேர்வு வாரியம் நடத்தும் குமாஸ்தா, டிக்கெட் கிளார்க் போன்ற பணிகளுக்குக் கம்ப்யூட்டர் வழித் தேர்வு உண்டு. வேலைக்கு ஏற்ப டைப்பிங் தேர்வும், சான்றிதழ் சரிபார்ப்பும், மருத்துவப் பரிசோதனையும் உண்டு. பேட்டி கிடையாது. அந்தக் கம்ப்யூட்டர் தேர்வைத் தமிழிலேயே எழுதவும் வழி இருக்கிறது. பொதுத்துறை வங்கிகளின் குமாஸ்தா பணிக்கும் பேட்டி இல்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "இண்டர்வியூவில் பேசி முடித்துத் தருகிறேன், மேலிடத்தில் ஆள் இருக்கிறது" என்று லட்சக்கணக்கில் பணம் கேட்கும் தரகர்கள் இன்னும் நடமாடுகிறார்கள். இல்லாத பேட்டியை எப்படி முடித்துக் கொடுப்பார்கள்? ஊரில் நிலத்தை அடகு வைத்தும், தாலிச் செயினை விற்றும் இவர்களிடம் கொடுத்து ஏமாறுவது போதும். ரயில்வே வேலைக்குப் பேட்டி என்று எவன் சொன்னாலும் அவனை வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

ஆனால் பேட்டி உள்ள இடங்களும் நிறைய. ஐ.பி.பி.எஸ். நடத்தும் வங்கி அதிகாரி தேர்வில் எழுத்துக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்ற விகிதத்தில் கணக்கிட்டுத்தான் பட்டியல் போடுகிறார்கள். பேட்டியில் பொதுப் பிரிவினர் நூற்றுக்கு 40 எடுத்தாக வேண்டும். தனியார் வங்கி, இன்ஷூரன்ஸ், கப்பல் சரக்கு ஆபீஸ், மருத்துவமனை, ஓட்டல், கம்ப்யூட்டர் கம்பெனி என்று தனியார் துறையில் பெரும்பாலும் பேட்டிதான் முடிவு செய்கிறது. அதிலும் பல கம்பெனிகள் முதலில் போனிலேயே பேசிப் பார்த்துக் கழித்துவிடுகின்றன. நேரில் முகம் பார்த்து, சான்றிதழைக் காட்டி மதிப்பைப் பெறும் சந்தர்ப்பம்கூட அங்கே இல்லை. குரல் ஒன்றே சாட்சி.

நாக்கு ஏன் ஒட்டிக்கொள்கிறது? கேள்வி ஆங்கிலத்தில் வருகிறது. பிள்ளை அதை மனதுக்குள் தமிழாக்குகிறான். தமிழில் பதில் தயாரிக்கிறான். பிறகு அதை ஆங்கிலமாக்கப் பார்க்கிறான். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டி உடனே வர வேண்டும். நீளமான வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்புவதற்குள் நடுவழியில் வண்டி நின்றுவிடுகிறது. நின்றதும் பயம். பயத்தில் தெரிந்த சொல்லும் மறக்கிறது.

சில பிழைகள் இங்கு வாடிக்கையானவை. "மைசெல்ஃப் முருகன்" என்று தொடங்குகிறார்கள். "ஐ ஆம் முருகன்" என்றால் போதும். "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்" என்கிறார்கள். "ஐ ஹாவ் டூ சிஸ்டர்ஸ்" என்பதே சரி. "ஐ ஆம் ஒர்க்கிங் தேர் சின்ஸ் டூ இயர்ஸ்" என்பதை "ஐ ஹாவ் பீன் ஒர்க்கிங் தேர் ஃபார் டூ இயர்ஸ்" என்று மாற்ற வேண்டும். தமிழில் ஒரே பகரம் பல ஒலிகளுக்கு நிற்பதால், பேங்க், பேன்ட், ஃபேன் மூன்றும் ஒரே மாதிரி வாயிலிருந்து வருகின்றன. மூன்றையும் ஒருவர் சொல்லிக் காட்டி, இன்னொருவர் பத்து முறை திருப்பிச் சொன்னால் ஒரு வாரத்தில் பிரிந்துவிடும்.

இன்னொரு பொறி பலருக்குத் தெரிவதில்லை. "நீ சாப்பிடவில்லையா?" என்று கேட்டால், சாப்பிடாதவன் "ஆமாம், சாப்பிடவில்லை" என்பான். தமிழில் அது சரி. அதிகாரி, "டோன்ட் யூ ஹாவ் எனி எக்ஸ்பீரியன்ஸ்?" என்று கேட்கும்போது, அனுபவம் இல்லாத பிள்ளை அதே பழக்கத்தில் "எஸ், சார்" என்கிறான். அனுபவம் உண்டு என்று அதிகாரி எடுத்துக்கொண்டு, "எங்கே வேலை பார்த்தாய்?" என்று அடுத்த கேள்வி போடுகிறார். பிள்ளை விழிக்கிறான். பொய் சொல்லிவிட்டான் என்ற எண்ணம் அவருக்கு வருகிறது. "நோ, சார். ஐ ஆம் எ ஃப்ரெஷர்" என்று சொல்லியிருந்தால் ஒரு குறையும் இல்லை. அறிவுக் குறைவால் வந்த தவறு அல்ல இது. யாரும் சொல்லிக் கொடுக்காததால் வந்தது.

தேவை இல்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரன் மாதிரி உச்சரிக்க வேண்டியதில்லை. பெரிய பெரிய சொற்கள் வேண்டியதில்லை. கைடு புத்தகத்தில் உள்ள பதிலை நெட்டுருப் போட்டு ஒப்பிப்பது பெரும்பாலும் கெடுதலாகவே முடிகிறது. "ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கிங் அண்ட் டைனமிக் பர்சன்" என்று பத்தாவது ஆளும் சொல்லக் கேட்டு அதிகாரிகளுக்கு அலுத்துப் போயிருக்கும். அதிலிருந்து ஒரு துணைக்கேள்வி கேட்டால் நெட்டுரு உடைந்துவிடும்.

வேண்டியது என்ன? தன் விண்ணப்பத்தில் தான் எழுதிய ஒவ்வொரு வரியையும் பற்றி இரண்டு வாக்கியம் பேசத் தெரிய வேண்டும். பெரும்பாலான கேள்விகள் அதிலிருந்துதான் வரும். தந்தையின் தொழில் என்ன, ஏன் ஒரு வருஷம் படிப்பு விட்டுப்போனது, முந்தைய வேலையை ஏன் விட்டான், இந்தக் கம்பெனி என்ன செய்கிறது, எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறான் — இவை எதிர்பாராத கேள்விகள் அல்ல. தந்தை தோல் பட்டறையிலோ இட்லிக் கடையிலோ உழைப்பவர் என்றால் அதை மறைக்க வேண்டாம். "மை ஃபாதர் ரன்ஸ் எ ஸ்மால் இட்லி ஷாப்" என்று தலைநிமிர்ந்து சொல்லலாம். அந்தக் கடைக் கணக்கை எழுதிக் கொடுத்த பிள்ளை என்றால், கணக்குப் பிரிவு வேலைக்கு அதுவே ஒரு தகுதி.

"டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்ற கேள்விக்கு ஐந்து சிறிய வாக்கியங்கள் போதும். "ஐ லிவ் இன் தாராவி வித் மை பேரன்ட்ஸ். ஐ கம்ப்ளீட்டட் பி.காம். லாஸ்ட் இயர். ஐ வொர்க்ட் இன் எ டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் ஃபார் சிக்ஸ் மந்த்ஸ். ஐ நோ டாலி அண்ட் டைப்பிங். ஐ வான்ட் டு லேர்ன் அக்கவுன்ட்ஸ் வொர்க் வெல்." இதில் கடினமான சொல் ஒன்றாவது உண்டா? நிதானமாக, கேட்கும்படி சொன்னால் இதுவே நல்ல பதில்.

கேள்வி புரியாவிட்டால் தலையாட்டக் கூடாது. "குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் த கொஸ்டின், சார்?" என்று கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை. விடை தெரியாவிட்டால் "ஐ டோன்ட் நோ, சார்" என்று நேராகச் சொல்லலாம். சுற்றி வளைத்துப் பேசுகிறவனைவிடத் தெரியாததைத் தெரியாது என்பவனிடம் கணக்கை ஒப்படைக்கலாம் என்று எந்த ஆபீஸருக்கும் தோன்றும்.

இவையெல்லாம் தெரிந்த பிறகும் ஒரு குறை பாக்கி நிற்கும். தரையில் நின்றுகொண்டு நீச்சல் பழக முடியாது. பேப்பரைத் தினம் கால் மணி நேரம் வாய்விட்டுப் படிக்கலாம். தன் பதிலைச் செல்போனில் பதிவு செய்து தானே கேட்கலாம். இரண்டும் நல்ல பழக்கம். ஆனால் கண்ணாடியும் செல்போனும் எதிர்க்கேள்வி போடாது. எதிரே மனிதர் வேண்டும். அவர் கேட்க வேண்டும், குறுக்கிட வேண்டும், சில நேரம் முகத்தைச் சுளிக்கவும் வேண்டும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் ஊர் முழுக்க இருக்கின்றன. அதற்குக் கட்டணம் கட்ட முடியாத வீடுகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

அந்த மனிதர் நம்மிடையே இருக்கிறார். ரயில்வேயிலும், வங்கியிலும், துறைமுகத்திலும், இன்ஷூரன்ஸிலும் முப்பது வருஷம் ஆங்கிலத்தில் குறிப்பெழுதி, மேலதிகாரிக்குப் பதில் சொல்லி, பணி ஓய்வு பெற்ற தமிழர்கள் ஒவ்வொரு பேட்டையிலும் உண்டு. இன்னும் வேலையில் இருப்பவர்களும் உண்டு. பதவி உயர்வுக்காக இலாகாவின் வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்து வியர்த்தவர்கள் இவர்களில் பலர். அந்த நாற்காலியின் சூடு இவர்களுக்குத் தெரியும்.

இவர்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம். தமிழ்ச் சங்கத்தின் அறையோ, கோயில் மண்டபமோ, பள்ளி வகுப்பறையோ, சர்ச் கூடமோ ஏதாவது ஓர் இடம். ஒரு மேஜை, நான்கு நாற்காலி. இரண்டு பெரியவர்கள் அதிகாரிகளாக உட்காரட்டும். ஒரு பிள்ளை கதவைத் தட்டி, "மே ஐ கம் இன், சார்?" என்று உள்ளே வரட்டும். பத்து நிமிஷம் கேள்வி கேட்கட்டும். மற்றப் பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து பிழைகளைக் குறித்துக்கொள்ளட்டும். முடிந்ததும் பெரியவர் மூன்று பிழைகளை மட்டும் எடுத்துச் சொன்னால் போதும். முப்பதைச் சொன்னால் மறுவாரம் பிள்ளை வரமாட்டான். ஒரு விதி மட்டும் கண்டிப்பாக இருக்கட்டும்: யாரும் சிரிக்கக் கூடாது. செலவு தேநீருக்குத்தான்.

எட்டு ஞாயிற்றுக்கிழமை இப்படி நடந்தால் ஒரு பிள்ளை எட்டு முறை பேட்டிக்குப் போய்வந்தவன் ஆகிறான். உண்மையான பேட்டி அவனுக்கு ஒன்பதாவது. முதல் பேட்டியில் நடுங்கும் கை ஒன்பதாவதில் நடுங்காது.

பெண் பிள்ளைகளை இதில் மறந்துவிடக் கூடாது. இரவு எட்டு மணிக்குத் தொலைவில் நடக்கும் வகுப்புக்கு மகளை அனுப்பப் பல வீடுகளில் மனம் வருவதில்லை. பேட்டைக்குள், தெரிந்த பெரியவர்கள் முன்னிலையில், பகலிலோ மாலையிலோ நடந்தால் தாய்மாரும் கூடவே வந்து உட்காரலாம். வேலை பார்க்கும் பெண்கள் அதிகாரிகளின் நாற்காலியில் உட்கார்ந்தால் அதைப் பார்ப்பதே பிள்ளைகளுக்குப் பாதி தைரியம்.

1932-ல் மாதுங்காவில் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி தொடங்கப்பட்டது. பிழைக்க வந்த ஊரில் தென்னாட்டவர்கள் அடுத்த தலைமுறையின் படிப்புக்காகச் செய்த ஏற்பாடு அது. பள்ளிக்கூடம் கட்டுவது கடினம். அதோடு ஒப்பிட்டால் ஞாயிறு மாலைக்கு நான்கு நாற்காலி போடுவது எம்மாத்திரம்?

வேலை கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிடங்கில் சரக்கு எண்ணுபவரிடமும், பில் அடிப்பவரிடமும் சரளமான ஆங்கிலப் பேச்சை எதிர்பார்ப்பது நியாயமா? வேலைக்கு ஆங்கிலம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவைச் சோதித்தால் போதும். நாட்டின் மிக உயர்ந்த குடிமைப் பணித் தேர்விலேயே, முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர் 275 மதிப்பெண்ணுக்கான நேர்முகத் தேர்வையும் தமிழில் சந்திக்க விதி இடம் தருகிறது. கலெக்டராகப் போகிறவரின் திறமையைத் தமிழில் எடைபோட முடிகிறது. பில் கிளார்க்கின் திறமையை எடைபோட மட்டும் நுனிநாக்கு ஆங்கிலம் எதற்கு? இந்தக் கேள்வியைத் தமிழர் அமைப்புகள் கம்பெனிகளிடம் பணிவோடும் உறுதியோடும் கேட்கலாம்.

ஆனால் கம்பெனிகள் மாறும் வரை நம் பிள்ளைகள் காத்திருக்க முடியாது. வயது நிற்காது, வாடகையும் நிற்காது. ஆங்கிலம் பேசப் பழகுவதால் தமிழ் குறைந்துவிடும் என்று எவரும் அஞ்ச வேண்டாம். மராத்தி பேசியதால் அவன் தமிழ் குறையவில்லை. இந்தி பேசியதால் தேயவில்லை. ஆங்கிலம் வராது என்று தன்னைத் தாழ்வாக எண்ணிக் குறுகிப்போவதால்தான் பிள்ளைக்கு நஷ்டம்.

ஆகவே, பேட்டியில் தவறிய பிள்ளையை வீட்டில் யாரும் கடிந்துகொள்ள வேண்டாம். "இவ்வளவு படிச்சும் பேசத் தெரியலையே" என்ற சொல் அவன் வாயை இன்னும் கட்டிப்போடும். பக்கத்துக் கட்டடத்தில் ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் இருப்பார். அவரிடம் அழைத்துப் போய், "அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் இவன்கிட்ட இங்கிலீஷ்ல பேசுங்க" என்று கேட்டுப் பார்க்கட்டும். அவர் மறுக்க மாட்டார். முப்பது வருஷம் ஆபீஸில் பேசிய ஆங்கிலத்தைக் கேட்க ஆளில்லாமல் அவரும்தான் உட்கார்ந்திருக்கிறார்.